இரண்டையும் தாங்காது

உப்பு ஆவியாகாது ஐயா. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். இந்நேரம் குறைந்திருக்கும். வீட்டில் காவலுக்கு நிற்கும் போலீஸ்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பிறகு நிம்மதியாகப் பேசுவேன்.

பவளம் வளர்க்கும் கடல் தொட்டிக்கு நான் புதியவன். நுண்ணுயிர்கள் குடியிருக்கும் உயிருள்ள பாறைகளைக் கொடுத்த கடைக்காரர், "இயற்கை முறைங்க. மருந்து கிருந்து எதுவும் ஊத்தாதீங்க. தண்ணி ஓடிக்கிட்டே இருக்கட்டும், மத்தத பாறையே பாத்துக்கும்" என்றார். எனக்கோ கை சும்மா இருக்காது. பவளத்தை இங்கே நகர்த்துவேன், அங்கே நகர்த்துவேன். அலுவலகத்தில் உட்கார்ந்தாலும் மனம் தொட்டியையே சுற்றிவரும். இப்போதும்தான். எழுந்து நடந்துகொண்டே சொல்லலாமா?

அண்ணனுக்கு நுரையீரல் கெட்டுப்போனதால், கூடத்தில் தொட்டிக்குப் பக்கத்திலேயே கட்டில் போட்டிருந்தோம். மூக்கில் குழாய், தலைமாட்டில் ஆக்சிஜன் மிஷின். நான் வேலைக்குப் போன நாட்களில் எல்லாம், எனக்கு ஒத்தாசை செய்வதாக நினைத்து, தள்ளாடி எழுந்து உப்புத் தண்ணீரை ஊற்றி வந்திருக்கிறார். உப்பு ஏறி ஏறிப் பவளங்கள் சுருங்கி வெளுத்துச் செத்தன.

"கடல்தானடா, உப்புத் தண்ணிதான ஊத்தணும்னு நெனச்சேன்" என்றார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று அண்ணியே சொன்னார்.

மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை எல்லாம் பிழைத்தன. பாறை இடுக்கில் குட்டி நண்டு ஒன்று தானாக முளைத்ததுபோல் வந்து நின்றது. அன்று அழுதேவிட்டேன்.

அந்த விடுமுறை நாளில் அண்ணி தன் அம்மாவைப் பார்க்கக் கிளம்பும்போது, கரண்ட் போனால் அண்ணனுக்கு உதவும் ஆக்சிஜன் சிலிண்டர் காலியாகிவிட்டது, அதை நிரப்பி வரச் சொன்னார். கிளம்பத்தான் செய்தேன். வழியில் கடையில் புதுப் பவளம் வந்திருந்தது. அதை வெயிலில் வைத்துக்கொண்டு அலைய முடியாது, பையிலேயே வெந்துவிடும். நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

பவளத்தைத் தொட்டியில் வைத்த கையோடு கரண்ட் போனது. இன்வெர்ட்டர் அண்ணனுக்காக வாங்கியதுதான், மறுக்கவில்லை. தொட்டியின் பம்பு, அண்ணனின் மிஷின் இரண்டையும் தாங்காது, கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும். கரண்ட் எப்போது வரும் என்று யார் கண்டது? பம்பு நின்றால் பவளத்துக்கு மூச்சு முட்டும். அண்ணனாவது முடியவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்வார், அது என்ன செய்யும்? மிஷினின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுப் பம்பை மாட்டினேன்.

அவர் சொல்லத்தான் செய்தார். "தம்பி, மிஷின் நின்னுபோச்சுடா. மூச்சு வரலடா."

"இப்ப வந்துடும்ணே. பேசாம கண்ண மூடிப் படுங்க."

என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல்தான் பிரித்தேன். புதுப் பவளம் கொஞ்சம் கொஞ்சமாக விரியத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னால் இருந்த சத்தம் நின்றதைக் கவனிக்கவில்லை.

தெரிந்தே கொன்றேன் என்று அண்ணி சொல்கிறார். அபாண்டம் ஐயா. கரண்ட் வந்ததும், அவர் உடம்பு சில்லிட்டிருந்தபோதும், முதல் வேலையாக அவருடைய மிஷினைத்தான் ஓடவிட்டேன்.