கோகோவுக்கு நேர் வெயில் ஆகாது

எனக்குச் சாக்லேட் பிடிக்காது, ஐயா. பல்லில் ஒட்டிக்கொள்ளும். அது மரத்தில் காய்க்கும் கோகோவிலிருந்து வருகிறது என்பதே என் மனைவி ஆனி அந்தக் கன்றுகளை நட்ட பிறகுதான் எனக்குத் தெரியும்.

பொதட்டூர்பேட்டை சாலையில் இருக்கும் அந்தத் தோப்பு அவளுடைய அப்பா ஜெபரத்தினம் கொடுத்தது. மேலே தென்னை. அதற்குக் கீழே பலா, நாவல், புங்கன் என்று ஆளுக்கொரு உயரம். எல்லாவற்றுக்கும் அடியில் கோகோ. ஒரே ஜாதி மரமாக வைத்தால் ஒரு பூச்சி வந்தாலே எல்லாம் போய்விடும், பல ஜாதியும் கலந்து நின்றால்தான் ஒன்றை ஒன்று காப்பாற்றும் என்பாள். தென்னை ஓலை உச்சி வெயிலுக்குப் போதாது. நடுவில் நிற்கும் மரங்கள்தான் கோகோவுக்குக் குடை. எந்தக் கிளையைக் கழிப்பது, எதை விடுவது என்று அண்ணாந்து பார்த்தே ஒரு பகலைப் போக்கிவிடுவாள்.

நான் அரக்கோணத்தில் ரயில்வே ஃபிட்டராக இருந்தேன். ஓய்வுபெற்று வந்தபோது, இனி இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடலாம், சாயங்காலம் பேசிக்கொண்டு உட்காரலாம் என்று ஆசையாக இருந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் விடிந்ததும் தோப்புக்குப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவாள். திருத்தணி கடைவீதிக்குப் போய்த் திரும்பினால் வீடு பூட்டியே இருக்கும். சாவி போட்டு ஆளில்லாத வீட்டுக்குள் நுழைவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. சில நாள் அழுதிருக்கிறேன்.

பட்டுப்போன மரங்களை அறுக்க வந்த சுப்பிரமணி பலாவின் அடியில் துளையைக் காட்டினான் என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. போட்டது நான்தான். முதலில் புங்கனுக்குப் போட்டேன். பெருங்காயத்தையும் களைக்கொல்லியையும் குழைத்து உள்ளே அடைத்து, மேலே சேறு பூசினேன். இலையெல்லாம் கொட்டிய அன்று ஆனி சீக்கிரமே வீட்டுக்கு வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். அதற்கு முன் அவள் என்னிடம் வந்து அழுததில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது. அதனால் நாவலுக்கும் செய்தேன்.

ஒரு நாள் என் கையைப் பிடித்தவள் முகர்ந்து பார்த்தாள்.

"பெருங்காய வாசன வருதே. ரசம் வெச்சீங்களா?"

"ஆங்."

"எனக்கோசரமா?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அவள் கால் கழுவி வருவதற்குள் அவசரமாகப் புளியைக் கரைத்தேன். அதிலிருந்து ரசம் நன்றாகவே வைப்பேன். சபையில் பெண்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

பலா கடைசி. அது பட்டுப்போனதும் இந்தச் சித்திரை வெயில் நேராகக் கோகோ மேல் இறங்கியது. இலை ஓரமெல்லாம் கருகியது. இத்தோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ காலையும் மாலையும் தண்ணீர் பாய்ச்சினாள். கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரிலிருந்து ஃபியூஸைக் கழற்றிக்கொண்டு, மோட்டார் எரிந்துபோய்விட்டது என்றேன். தொட்டியில் இருந்த தண்ணீரைக் குடத்தில் மொண்டு ஊற்ற ஆரம்பித்தாள்.

"வெயில் தாழட்டும் ஆனி. ஊட்ல இரு."

"அதுங்க கருகிகினு கெடக்குது. நா எப்பிடிங்க ஊட்ல குந்திகினு இருக்கறது?"

அன்று மதியம் இரண்டு தட்டு வைத்துவிட்டுக் காத்திருந்தேன். களைத்தால் தானாக வருவாள் என்று போய்க் கூப்பிடவில்லை. சோறு ஆறிய பிறகு போனேன். கோகோ மரங்களுக்கு நடுவே கிடந்தாள். குடம் கவிழ்ந்திருந்தது, உடம்பு கொதித்தது. கண்ணைத் திறந்து, "மோட்டாரு ரெடியாயிடுச்சாங்க?" என்று கேட்டாள். ஆகிவிட்டது என்றேன். ஃபியூஸ் என் சட்டைப் பையில் இருந்தது.

வெயில் தாக்கி இறந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். தவறில்லை. அந்த வெயிலை அங்கே இறக்கியவன் நான். இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸுக்கு நான் உடனே போன் செய்யவில்லை. அவள் தலையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். பகல் நேரத்தில், வேறு எதையும் பார்க்காமல், அவள் என்னோடு அப்படி இருந்ததே இல்லை. கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று பட்டது. மூச்சு நின்ற பிறகுதான் போனை எடுத்தேன்.

எனக்குத் துக்கம் தாங்கவில்லை, ஐயா. அதை நீங்கள் நம்ப வேண்டும். தினமும் கல்லறைக்குப் போகிறேன். எந்த நேரத்தில் போனாலும் இருக்கிறாள்.