பூண்டு விளையும்போது வரும் கோபம்

“வாத்தியாருக்குப் பூண்டு வெளஞ்சாத்தான் சங்கத்துக்குக் கோவம் வரும், பாத்துக்க.”

கொடைக்கானல் போகும் காலைப் பேருந்தில், முன்சீட்டில் இருந்த பெண் இப்படிச் சொன்னதும் என் தூக்கம் போய்விட்டது. ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி அன்று ஐந்தாவது நாள். அவள் பக்கத்தில் இருந்தவள் கொஞ்சம் இளையவள்.

“பென்சன் கேட்டுல்ல உக்காந்திருக்காங்கன்னு சொல்றாங்கக்கா?”

“யாரு உக்காந்திருக்கா? எம் மக பத்தாவது. பரிச்ச நெருங்கிருச்சு, புத்தகம் தொறக்காமக் கெடக்கு. அவ கணக்கு வாத்தியாரு தோட்டத்துல நின்னு பூண்டு புடுங்க ஆளு ஏவிக்கிட்டிருக்காரு. போன வருசமும் சரியா இதே நேரத்துலதான் ஸ்ட்ரைக்கு. சங்கம்னு ஒண்ணு வச்சுக்கிட்டா அவங்கவங்க சோலி நடக்குது.”

“நீ கண்ணால பாத்தியாக்கா?”

“பாத்தியாவா? நேத்து வெள்ளனே அங்க கூலிக்குப் போனதே நாங்கதான், பத்துப் பொம்பளைங்க. கூலிய ஏத்துனாத்தான் தோட்டத்துல எறங்குவோம்னு வரப்புலயே உக்காந்துட்டோம்.”

“அதுக்கு வாத்தியாரு என்ன சொன்னாரு?”

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“எங்களை ஒரு மாதிரியாப் பாத்தாரு. ‘ஒங்களுக்கு இதெல்லாம் எவன் சொல்லிக்குடுக்குறான்?’னு கேட்டாரு.”