ஒரே அறை, ஒரே நிலைமை

தேநீருக்கு நன்றி. உங்கள் கோப்பையிலும் என் கோப்பையிலும் ஒரே அளவு ஊற்றியிருக்கிறார்கள். பிடித்து வந்தவனுக்கு அரைக் கோப்பை போதும் என்று நினைக்கிற ஆட்கள்தான் எங்கும் அதிகம், அதனால்தான் சொல்கிறேன். அளவு பார்ப்பது என் பிழைப்பு. கடைகளில் தராசும் எடைக்கல்லும் சோதிக்கிற இலாகாவில் இருக்கிறேன். என்னைக் கண்டதும் பல்லைக் காட்டாத கடைக்காரன் கிடையாது. ஒருவனிடமும் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஓவர்கிளாக்கிங் போட்டி என்றால் என்ன என்று கேட்டீர்கள். கணினிக்குள் இருக்கும் சிப்பை, செய்தவன் சொன்ன வேகத்துக்கு மேல் விரட்டுவது. விரட்டினால் சூடேறும். சூடேறாமலிருக்க அதன் தலையில் ஒரு செம்புக் குவளையை உட்காரவைத்து, திரவ நைட்ரஜனை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றிலும் பனி கட்டும். ஈரம் உள்ளே இறங்கிவிடக் கூடாதே என்று, பச்சைக் குழந்தைக்கு மூக்குத் துடைப்பது போல டிஷ்யூவால் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கணினியில் இவர்கள் ஒரு கடிதம்கூட அடிக்கப் போவதில்லை. ஒரு எண் வேண்டும், அவ்வளவுதான். யாருக்கும் பயன்படாத அந்த எண் திரையில் வந்துவிட்டால் மீசை வைத்த ஆண்பிள்ளைகள் கட்டிப்பிடித்து அழுவார்கள்.

நானும் ஒரு காலத்தில் ஊற்றினேன். ஆனால் அழுததில்லை. பழைய சிப் பிரிவு என்று ஒன்று உண்டு, அதில் முதலிடம் என்னுடையது. வருடக்கணக்கில் ஒருவனும் நெருங்கவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, விஷயம் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தப் போட்டிகளை நடத்த எங்கள் ஊரில் ஒரு சங்கம் உண்டு. நான் பொறுப்பேற்பதற்கு முன் அது சந்தைக்கடையாக இருந்தது. ஒருவன் நல்ல சிப் வாங்குவான். அதையே அவன் மாமன், சித்தப்பா பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரன் எல்லோரும் ஆளுக்கொரு பெயரில் ஓட்டிப் புள்ளி வாங்குவார்கள். கேட்டால் வாய் கூசாமல் நட்பு என்பார்கள். விதிகளை நான்தான் எழுதினேன். ஒரு சிப், ஒரு பெயர். ஒரு பிரிவில் எத்தனை பேர் மோதுகிறார்களோ அதற்கேற்ற புள்ளி. இறுதிப் போட்டி எல்லோருக்கும் ஒரே அறையில், ஒரே நிலைமையில். ஓட்டம் முடியும் முன் கதவு திறந்தால் புள்ளி பூஜ்யம். திரையில் வந்த எண்ணைப் போட்டியாளரே தன் கையால் சேமித்தால்தான் கணக்கு. இதில் எங்கே அநியாயம், நீங்களே சொல்லுங்கள்.

இறந்துபோனவன் என் தங்கையின் கணவன். நான் அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தினான். கற்றுக்கொள்ள வந்தவன் சுவரில் மோதினாலும் சிரிப்பான். எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவனை ஊர் நல்லவன் என்று தலையில் தூக்கிவைத்து ஆடும். என்னை ஒருவரும் அப்படித் தூக்கியதில்லை, நான் கேட்டதும் இல்லை.

சங்கக் கூட்டத்தில் அவன் எழுந்து நின்றான். என் விதிகளில் ஒரு விலக்கு இருந்தது. பிரிவில் ஆள் குறைந்தாலும் பழைய முதலிடங்களின் புள்ளி குறையாது என்று எழுதியிருந்தேன். சாதனைக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

"மச்சான், கோவிச்சுக்காதீங்க," என்றான். "அந்தப் பழைய சிப்பை இப்ப யாரும் தொடறதே இல்ல. ஆளில்லாத பந்தயத்துல முதல் ஆளா வந்து முழுப் புள்ளி வாங்கறது ஒரே ஒருத்தர்தான். யாருன்னு நான் சொல்லணுமா? சட்டத்த உங்க உடம்புக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரில்ல இருக்கு!"

கூடம் முழுக்கச் சிரித்தது. ஒருவன் மேசையைத் தட்டினான். தேநீர்த் தட்டோடு வாசலில் நின்ற என் தங்கையும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் எனக்கு வலித்தது, மறைப்பதற்கில்லை.

அதோடு விட்டானா? "இறுதிப் போட்டில அதே ரகப் பழைய சிப் ஒண்ண எடுத்து ஓட்டறேன். மச்சானைத் தாண்டிக் காட்டிட்டு அப்புறம் அந்த விலக்க எடுக்கச் சொல்றேன். முடியாதவன் பேசறான்னு யாரும் சொல்லக் கூடாதுல்ல," என்றான். அதற்கும் கைதட்டினார்கள். நைட்ரஜனை ஊற்றி ஊற்றி மூளையும் உறைந்துபோன கூட்டம்.

இறுதிப் போட்டிக்கு இரண்டு பேர். மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணும் இவனும். அவள் காலையில், இவன் மதியம். மாடியில் உடைந்த நாற்காலிகள் போட்டுவைத்த சின்ன அறையைக் காலி செய்து கொடுத்திருந்தார்கள். ஜன்னல் கிடையாது, கதவில் மட்டும் ஒரு கண்ணாடி. காற்றை வெளியே தள்ள எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தது. சுவரில் ஆக்ஸிஜன் மீட்டர் ஒன்றும் இருந்தது. நைட்ரஜன் ஆவியாகி அறையை அடைத்துக்கொண்டால் மூச்சுக்குக் காற்று குறையும். குறைவது நமக்குத் தெரியாது, இருமல்கூட வராது. அதனால்தான் அந்த மீட்டர். அளவு கீழே போனால் கத்தும்.

காலையில் ஓட்டத்தின் நடுவில் ஃபேன் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் மீட்டர் கத்தியது. அந்தப் பெண் தள்ளாடிக்கொண்டே கதவைத் திறந்து வெளியே வந்து தரையில் உட்கார்ந்தாள். கதவு திறந்ததால் அவளுக்குப் பூஜ்யம் போட்டேன். அவள் அழுதாள், ஆனால் விதியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வகையில் அவள் கெட்டிக்காரி.

மதியத்துக்குள் எலக்ட்ரீசியன் வந்து ஃபேனைச் சரிசெய்துவிட்டான். இங்கேதான் நீங்கள் என்னைப் புரிந்துகொள்ள வேண்டும். காலையில் அவளுக்கு ஓடாத ஃபேன் மதியம் இவனுக்கு மட்டும் ஓடினால் அது என்ன நியாயம்? சொந்தக்காரன் என்பதற்காகச் சலுகை காட்டினேன் என்று நாளைக்கு நாலு பேர் பேச மாட்டார்களா? ஸ்விட்சை அணைத்தேன். ஒளித்துச் செய்யவில்லை, அவனிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன்.

"சரி மச்சான், சட்டம்னா சட்டம்தான்," என்று சிரித்தான். "மீட்டர்தான் இருக்கே. அது கத்துச்சுன்னா எல்லாத்தையும் போட்டுட்டு வெளிய ஓடியாந்துடறேன். பூஜ்யம் போட்டுக்குங்க, உங்க மனசும் குளிரட்டும்."

உள்ளே போனான். தாழ் போடவில்லை, பூட்டவும் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவன் எந்த நேரமும் வெளியே வந்திருக்கலாம்.

மற்றவர்கள் கீழே கூடத்தில் இருந்தார்கள், நடுவராக நான் மட்டும் கண்ணாடி அருகில் நின்றேன். நன்றாகவே ஓட்டினான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஊற்றுகிற கை நடுங்கவில்லை. எண் ஏறிக்கொண்டே போய் என்னுடையதைத் தாண்டியது. அவன் என் பக்கம் திரும்பிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். பிறகு சேமிப்பதற்காகக் கையை நீட்டியவன், எதையோ மறந்தவன் போல அப்படியே உட்கார்ந்திருந்தான். அப்புறம் பக்கவாட்டில் சரிந்தான்.

என் தங்கை அன்று மாலை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அண்ணா, அவரு விழுந்தப்ப நீ எங்க இருந்த?"

"கண்ணாடிகிட்ட."

"பாத்தியா?"

"பாத்தேன்மா."

"அப்ப கதவ ஏன் திறக்கல?"

திறந்தால் அவன் ஓட்டம் செல்லாமல் போய்விடும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். முதலிடத்துக்கு வந்த ஒருவனின் ஓட்டத்தைக் கெடுப்பது அவனுக்கே செய்கிற துரோகம் இல்லையா? அவள் புரிந்துகொள்ளவில்லை. புருஷன் போன துக்கத்தில் இருப்பவளிடம் விதி பேசியது என் தப்புதான். அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஊற்ற ஆளில்லாமல் சூடேறிக் கணினி தானாக நின்ற பிறகு ஓட்டம் முடிந்ததாகக் கணக்கு. அப்போது கதவை அகலத் திறந்துவிட்டு, காற்று மாறும்வரை வெளியே நின்றேன். நானும் விழுந்தால் யாருக்கு லாபம்? பிறகு உள்ளே போய் முதலில் திரையைப் பார்த்தேன். எண் சேமிக்கப்படவில்லை. அதற்குப் பிறகு அவனைப் பார்த்தேன், ஆளைக் கூப்பிட்டேன். பழைய சிப் பிரிவில் முதலிடம் மாறவில்லை. அதற்காகத்தான் செய்தேன் என்று நீங்கள் நினைத்தால், நான் சொன்னதை நீங்கள் சரியாகக் கேட்கவில்லை.

கடைசியாக மீட்டரைப் பற்றிக் கேட்கிறீர்கள். காலையில் கத்தியது மதியம் ஏன் கத்தவில்லை, அதில் பேட்டரி ஏன் இல்லை, ஒரே நிலைமை என்றால் அதுவும் இருந்திருக்க வேண்டாமா என்கிறீர்கள். நல்ல கேள்வி. சங்கத்தில் ஒருவனுக்கும் இது தோன்றவில்லை. அந்த மீட்டர் சுவரில் சும்மா தொங்குகிறது என்றுதான் நானும் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒழுங்காக வேலை செய்கிறது என்பதே அந்தப் பெண் உயிரோடு வெளியே வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதனால்தான் பேட்டரியைக் கழற்றினேன்.