முந்நூறு ரோஸ் பெட்ஷீற்

இல்லையண்ணை, நீங்கள் இருங்கோ, எனக்கு இருக்க ஏலாது. பத்து மணிக்குத்தானே விசாரணை. இந்த பஸ் ஏன் இப்பிடி ஊருது? தோர்ண்டன் ஹீத்திலையிருந்து நடந்தே போயிருக்கலாம். சாப்பிட்டியளோ? வீட்டிலை அக்கா என்ன சொன்னவா? அழுதவாவோ... ம்.

மனேஜர் கேட்டா, தண்ணி வடிக்கிற பில்டர் மாத்தின திகதியைச் சொல்லுங்கோ. பயப்பிடாதேங்கோ. முந்தி எங்கடை லோண்ட்ரியிலை ஹோட்டல் பெட்ஷீற் தோய்ச்ச தண்ணி முழுக்கச் சாக்கடைக்குத்தானே போனது. நீங்கள் வந்தாப் பிறகுதானே கடைசியா அலசிற தண்ணியைப் பிடிச்சு, வடிச்சு, அடுத்த தோய்ப்புக்குத் திருப்பி விடத் தொடங்கினது. ஆறு வருசம் ஒரு பிசகில்லை. இப்ப முந்நூறு வெள்ளைப் பெட்ஷீற் ரோசாப் போச்செண்ட உடனை, சுபாஸ்கரன் பில்டரைக் கவனிக்கேல்லையாம், உங்களை வேலையாலை நிப்பாட்டப் போகினமாம். விசர்க் கதை! பில்டர் ஊத்தையை எடுக்கும், கரைஞ்ச சாயத்தை எடுக்காது. எங்கள் எல்லாருக்கும் எத்தினை தரம் சொல்லியிருப்பியள்.

என்ன? ஓம், துணைக்குக் கூட வேலை செய்யிற ஒராள் உள்ளை வரலாமெண்டு கடிதத்திலை போட்டிருக்கு. நீங்கள் என்ரை பேரைக் குடுத்தனீங்கள் எண்டு கேள்விப்பட்ட உடனை நம்பேல்லை, ரெண்டு தரம் கேட்டனான். ஜெயகௌரி நல்லாக் கதைப்பாள் எண்டு நினைச்சிருப்பியள். கதைக்கிறன்தானே, ஏறினதிலையிருந்து வாய் மூடேல்லை.

அண்ணை, ஒண்டு சொல்லோணும். ஒம்பது நாளா எனக்கு நித்திரையில்லை, உங்கடை முகத்தைப் பாக்க ஏலாமக் கிடக்கு. கோயில் திருவிழாவுக்குத் திரைச்சீலையைத் தோய்ச்சுத் தாறன் எண்டு வாய் குடுத்திட்டன். அவ்வளவு பெரிய துணி வீட்டு மெசினுக்கை போகுமே? வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிய, ஒருத்தரும் பாக்காம ஆறாம் மெசினிலை போட்டனான். நல்ல சிவப்பு. அம்மன்ரை திரைச்சீலையிலை சாயம் போகுமெண்டு ஆர் நினைச்சது?

உங்களிலை பழி விழுந்த அண்டைக்கே சொல்லியிருக்கோணும். பயந்திட்டன். வீட்டிலை நான் ஒருத்திதானே உழைக்கிறது.

விடிய மனேஜருக்கு எல்லாம் எழுதி அனுப்பிப்போட்டன். முதல்லை என்னைத்தான் கூப்பிடுவினம். நீங்கள் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை.

ஏசுங்கோவன், அண்ணை. இல்லாட்டி உந்த பெல்லையாவது அமத்துங்கோ, அடுத்தது எங்கடை ஸ்டொப்.