ஆட்டுக்கும் ஒரு ‘வாங்க’

“கொஞ்சம் தள்ளிப் படுங்களேன், வழிய மறிச்சுக்கிட்டு!”

வன்னியேந்தல் பஸ் நிறுத்தத்தில் யாராவது ஒரு அம்மா இப்படி அலுத்துக்கொள்வது காதில் விழும். யாரோ பெரியவர் போல என்று திரும்பினால், படுத்திருப்பவர் ஒரு வெள்ளாடு. வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நடந்தது இதுதான்.

முன்னொரு காலத்தில், இதே வன்னியேந்தலில், சீனியம்மா என்று ஒரு மருத்துவச்சி இருந்தாராம். ஊரில் பிறந்த பிள்ளையெல்லாம் அவர் கையில் விழுந்த பிள்ளையாம். அவர் வீட்டுக்காரர் இருளாண்டி, ஊருக்கு முடிவெட்டுகிறவர். தலை நரைத்து, பல்லும் போன மனிதர். நிலபுலன்காரர்கள் குடியிருந்த பெரிய தெருவில் அவரைப் பெரியவர்களும் ‘வாடா’தானாம், பிள்ளைகளும் ‘வாடா’தானாம்.

“நான் தொப்புள்கொடி அறுத்த பய. இன்னும் மூக்கு ஒழுகுது. அது ஒங்கள ‘இருளாண்டி, இங்க வாடா’ங்குது. நீங்களும் ‘இந்தா வந்துட்டேன் சாமி’ன்னு ஓடுறீங்க!”

“விடேன் சீனி. அவங்க கூப்புட்டுப் பழகிட்டாங்க, நான் ஓடிப் பழகிட்டேன்.”

“பழகிட்டாராம், பழகிட்டாரு!”

சீனியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வருமாம். சாவதற்குள் பெரிய தெருவில் ஒரே ஒரு வாய், ஒரே ஒரு தடவை, தன் புருஷனை ‘வாங்க’ என்று சொல்லிக் கேட்கணும். வேறு ஆசையே கிடையாதாம்.

பணிந்து கேட்டுப் பார்த்தாராம். சிரித்தார்களாம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு நாள் பெரிய வீட்டு ராக்கப்பர் தன் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, சீனியம்மா அந்தப் பிள்ளையைப் பார்த்து, “வாடா, எங்கடா கெளம்பிட்ட?” என்று கேட்டுவிட்டாராம். கேட்டது கைப்பிள்ளையை. அதுவும் தான் வெளியே எடுத்துப்போட்ட பிள்ளையை.

அவ்வளவுதான். ராக்கப்பர் சொன்னால் ஊருக்கே சட்டம். கோயில் முன்னால் ஊரைக் கூட்டி, சீனியம்மாவை உச்சி வெயிலில் நிறுத்திவைத்துச் சொன்னாராம்:

“இந்த ஊருல இனி யாருக்கும் மரியாதைய கொறைக்கக் கூடாது. கொறைச்சவங்க ஊரை விட்டுப் போகணும்.”

“யாருக்குமாங்கய்யா?”

“யாருக்கும்தான்! காது கேக்கலையா?”

“கேட்டுச்சுங்கய்யா. நல்லாவே கேட்டுச்சு.”

மறுநாள் விடிந்ததும் சீனியம்மா ஆட்டை அவிழ்த்தாராம். “வாங்க, மேயப் போவோம். பாத்து வாங்க, கால் கயித்துல மாட்டும்.” கோழியிடம், “நேத்து முட்டைய எங்க போட்டீங்க? சொல்லிட்டாவது போடக் கூடாதா?” காக்காயைப் பார்த்து, “போங்க, போங்க!” தவழ்கிற பிள்ளையும் ‘வாங்க’, களை எடுக்கிற பொம்பளையும் ‘வாங்க’. கூலிக்காரர் தெருவுக்கு இது பிடித்துப்போய், அவர்களும் அப்படியே பேச ஆரம்பித்தார்களாம்.

எதிரே ராக்கப்பர் வந்தால், “வாங்கய்யா” என்று சீனியம்மா கும்பிடுவாராம். அதே மூச்சில், அவருக்குப் பின்னால் வருகிற நாயைப் பார்த்து, “நீங்களும் வாங்க” என்பாராம்.

ராக்கப்பருக்குத் தூக்கம் போச்சாம். மரியாதை குறைந்தது என்று சொல்ல வழியில்லை. கேட்டது முழுசாகக் கிடைக்கிறது. ஆட்டுக்கும் அதேதான் கிடைக்கிறது.

இப்படியிருக்க, அவர் மகள் கல்யாணம் வந்ததாம். சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினார்களாம். “வாங்க, வாங்க! எம்புட்டு நேரமா தேடுறேன்!” என்று சீனியம்மாவின் குரல். சம்பந்தி மனம் குளிர்ந்து கையெடுத்துக் கும்பிட்டாராம். பார்த்தால், அழைத்தது அவரை இல்லை. பந்தல் வாழையைத் தின்ன வந்தவரை.

“ஏய் சீனி!” ராக்கப்பர் கத்தினாராம். “ஆட்டையாவது ‘நீ’ன்னு சொல்லித் தொலையேன்!”

“சொல்றேங்கய்யா. யாருக்கும் கொறைக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? இப்ப கொறைக்கச் சொன்னா, எது வரைக்கும்னு ஒரு கோட்டப் போட்டுக் குடுத்துருங்க. ஆட்டுக்குக் கொறைச்சுர்றேன். நாய்க்குக் கொறைச்சுர்றேன். அப்புறம்?”

ராக்கப்பருக்குக் கல்யாணச் சவரம் செய்ய இருளாண்டி பெட்டியோடு வந்து ஓரமாக நின்றிருந்தாராம். சீனியம்மா அவர் பக்கம் கையை நீட்டினாராம்.

“இவரு கோட்டுக்கு எந்தப் பக்கம்? நான் கூப்புட்டா ‘வாங்க’, நீங்க கூப்புட்டா ‘வாடா’. ஆளு ஒருத்தருதான். ஆட்டுப் பக்கம்னா, சம்பந்திய வச்சுக்கிட்டே ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் போயிர்றேன்.”

சம்பந்தி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாராம்.

“நான் அப்புறமா வர்றேன் சாமி” என்று இருளாண்டி திரும்பினாராம்.

அந்தக் கோட்டை ராக்கப்பர் கடைசிவரை போடவே இல்லையாம். அதனால்தான் வன்னியேந்தலில் இன்றைக்கும் ஆட்டுக்கு ‘வாங்க’.

அன்றைக்கு அவர் வேட்டியைத் தட்டினாராம். சம்பந்தியைப் பார்த்தாராம். பந்தலைப் பார்த்தாராம். பிறகு மணையைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாடையை நிமிர்த்தி, “வாங்க” என்றாராம்.