வால்தூக்கி

காப்பியில் சீனி கூடிவிட்டது. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து, காப்பி வாங்கிவரச் சொல்லி, இன்ஸ்பெக்டரே அதை ஆற்றிக் கொடுக்கிறார் என்றால் அந்த மரியாதை அவளுடைய புருஷனுக்கு. அதில் அவள் குறை சொல்லக் கூடாது.

"குடிங்கம்மா. எங்க அப்பா செத்தப்ப, பாடை கட்ட மொத ஆளா வந்து நின்னவரு சாரு" என்றீர்கள்.

வந்திருப்பார், ஐயா. திருநகரில் யாருக்குப் பிரசவம் என்றாலும், யார் வீட்டில் சாவு என்றாலும் ராதாகிருஷ்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார். எங்கள் மகள் ஜானு பிறந்த அன்று அடுத்த தெருவில் ஒரு கிணற்றில் விழுந்த பசுவைத் தூக்கிக்கொண்டிருந்தார். பசு பிழைத்தது. ஊரே அதைப் பற்றிப் பேசியது. நானும்தான் பேசினேன்.

நடந்ததைச் சொல்லச் சொல்கிறீர்கள். ஒரு பொம்மைப் படத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. சிரிக்காமல் கேளுங்கள்.

நான் கல்லூரியில் இங்கிலீஷ் படித்தேன். மூன்றாம் வருஷம் எங்கள் பேராசிரியை சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, புரொஜெக்டரில் ஒரு படம் காட்டினார். தலை சின்னது, நெஞ்சு பெரியது, முதுகில் நீளமாக ஒரு சிவப்புத் துணி. அப்படி ஒரு வீரன். வானத்தில் பறந்துவந்து எல்லோரையும் காப்பாற்றுவான். மரத்தில் மாட்டிக்கொண்ட பூனையை இறக்க மூன்று வீட்டுச் சுவரை இடிப்பான். வீடு போனவர்கள் தெருவில் நின்று அவனுக்குக் கை தட்டுவார்கள். அவன் பின்னாலேயே கண்ணாடி போட்ட ஒரு பெண் ஓடிவருவாள். அந்தத் துணி கதவிடுக்கில் சிக்கிக்கொள்ளாமல் தூக்கிப் பிடிப்பது அவள் வேலை. திருடனைக் கண்டுபிடிப்பதும் அவள்தான். மெடல் அவன் கழுத்துக்குப் போகும். படம் எடுத்தவன் அந்த வீரனைத்தான் கேலி செய்கிறான். எங்களுக்கு அது புரிந்தது. பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தோம். எனக்கு வயிறு வலித்தது.

அதற்கப்புறம் கல்யாணம். ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்கு வரச் சொன்னார்கள். வீட்டுக்கு நாலு பேர் வந்துபோகிற நேரத்தில் காப்பி போட ஆள் வேண்டாமா என்று இவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

பக்கத்து வீட்டு முத்துத்தாயின் புருஷன் மலையாண்டி போன வருஷம் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது வீடியோ டெக் கொண்டுவந்தார். அவர்களிடம் டி.வி. இல்லை, எங்களிடம் இருந்தது. டெக் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. பழைய கேசட் ஒன்றைக் கொடுத்து, "எங்க பயலுகளுக்கு இது வேணாமாம். நீங்க வச்சுக்கங்கக்கா" என்றாள் முத்துத்தாய். அதில் முதலில் ஏதோ குத்துச்சண்டை. அது முடிந்ததும் எனக்குத் தெரிந்த ஒரு பாட்டு வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டும் நான் எழுந்திருக்கவில்லை. அதே வீரன். அதே பெண். பதினாலு வருஷம் கழித்து என் வீட்டு ஹாலில் அவள் அந்தத் துணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

தினமும் மத்தியானம் அவரும் ஜானுவும் போனபிறகு போட்டுப் பார்ப்பேன். அவ்வளவுதான் நான் செய்தது.

ஒருநாள் அவர் சீக்கிரம் வந்துவிட்டார். பார்த்தார். அவருக்குப் பிடித்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை தெருவையே கூப்பிட்டு ஹாலில் உட்காரவைத்தார். இங்கிலீஷ் படம், யாருக்கும் புரியாது. அவரே பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னார். அந்த வீரன் பேசாததெல்லாம் பேசினான். ஏழைகளுக்காக உயிரைக் கொடுப்பேன் என்றான். இடிந்த வீட்டுக்காரன் திட்டுகிற இடத்தில், "ஐயா, நீங்கதான் எங்க தெய்வம்" என்றார் இவர். எல்லோரும் கை தட்டினார்கள்.

அப்புறம் அவள் வந்தாள்.

"இந்தா பாருங்க, இது யாரு? நம்ம வீட்டு பத்மாசினி! ஐயா நாட்டக் காப்பாத்தப் பறக்காரு, அம்மா வாலத் தூக்கிட்டுத் தொணதொணன்னு பின்னாடியே ஓடுது."

"அப்ப அக்காதேன் வால்தூக்கியா, சார்?" என்று மலையாண்டி கேட்டார். முத்துத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அதிகம் சிரித்தது என் மகள். நான் சமையலறையில் நின்று எல்லோருக்கும் காப்பி ஆற்றினேன். மறுநாளிலிருந்து தெருப் பிள்ளைகளுக்கு நான் வால்தூக்கி. தண்ணீர்க் குழாயடியில், "வால்தூக்கி அக்கா, கொடத்த நகத்துங்க" என்பார்கள். ஜானுவும் இரண்டு முறை சொன்னாள். இதற்கெல்லாம் யாராவது கோபப்படுவார்களா? நானும் படவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நகர் நலச் சங்கத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்துவதாக இருந்தது. வீடியோ எடுக்கிற ஆள் கேசட் கேட்டிருக்கிறான். இவர் அலமாரியைத் திறந்து என்னுடையதை எடுத்து மேஜைமேல் வைத்தார். பழையது அழிந்தால் என்ன, இதன்மேலேயே பதிவு செய்யலாம் என்றார். வேறு கேசட் வாங்கலாமே என்று கேட்டேன். பொம்மைப் படத்துக்கு ஏங்குகிற பெண்டாட்டியை ஊர் பார்த்தால் சிரிக்கும் என்றார். சத்தம் போடவில்லை. அவர் என்னிடம் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று மத்தியானம், ஜானு விளையாடப் போயிருந்த நேரத்தில், சிலோன் டி.வி.யில் கிரிக்கெட் பார்க்க வேண்டும் என்றார். நான் அதற்கு முன்பே ஆன்டெனா ஒயரைக் கழற்றி டெக்கை மாட்டியிருந்தேன். கடைசியாக ஒருமுறை பார்க்க நினைத்தேன். திரையில் ஒரே புள்ளி புள்ளியாக வருகிறது என்றேன். காற்றில் ஆன்டெனாக் கம்பம் சாய்ந்திருக்கும் என்று சொல்லிவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினார்.

எங்கள் மாடியில் பின்பக்கம் கைப்பிடிச் சுவர் கிடையாது. அதற்கு வாங்கிய செங்கலை அவர் சங்கத்துக் கட்டடத்துக்குக் கொடுத்துவிட்டார். கம்பத்தை நிமிர்த்த அதில் கட்டிய இழுகம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர வேண்டும். படம் தெளிவாகிறதா என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது. கீழே டி.வி. முன்னால் நிற்கிறவர் ஜன்னல் வழியே கத்திச் சொல்ல வேண்டும். மதுரையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அவர் தலையை நிமிர்த்திக் கம்பத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டே நகர்வார். கண் அங்கே. கால் என் குரலில்.

நான் கேசட்டை ஓடவிட்டேன். சத்தத்தைக் குறைத்துக்கொண்டேன்.

"பாவம் அக்கா, பாத்து பாத்துன்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்துனாக" என்று முத்துத்தாய் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். நல்ல பெண். ஆனால் அவளுக்கு எங்கள் பாஷை தெரியாது. எங்களுக்குள் நாங்கள் சௌராஷ்டிரத்தில்தான் பேசுவோம். அந்தத் தெருவில் அது புரிகிற வேறு வீடு இல்லை. நான் கத்தியதன் அர்த்தம் அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். இப்போது எனக்கு மட்டும்.

இன்னும் கொஞ்சம் பின்னால். அதைத்தான் சொன்னேன். இப்போது பரவாயில்லை, முகம் தெரிகிறது, இன்னும் கொஞ்சம். அவர், "இப்பவா?" என்றார். திரையில் அவள் அந்தத் துணியின் நுனியைக் கையில் பிடித்தபடி ஓடிவந்துகொண்டிருந்தாள். இன்னும் ஒரே ஓர் எட்டு என்றேன்.

பின்பக்கம் விழுகிற சத்தம் கேட்டது. படத்தில் மெடல் கொடுக்கிற இடம் இன்னும் வரவில்லை. அது வந்து முடிந்தபிறகு டி.வி.யை அணைத்துவிட்டு வெளியே போனேன். அதற்குள் தெரு கூடிவிட்டது. மலையாண்டி அவரை மடியில் போட்டுக்கொண்டு அழுதார். நான் கோபத்தில் எதையும் செய்யவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். கோபக்காரி உடனே வெளியே ஓடியிருப்பாள். படத்தை முழுக்கப் பார்க்க அவளால் முடியாது.

நீங்கள் எழுந்து கதவைச் சாத்துகிறீர்கள். உங்கள் முகம் வேர்த்திருக்கிறது.

"அம்மா, நீங்க அதிர்ச்சில என்னென்னமோ பேசுறீக. நான் எதையும் கேக்கல. கால் தவறி விழுந்துட்டாருன்னுதேன் எழுதியிருக்கு. ஊரே அழுகுது. அந்த மனுசன் பேரக் கெடுக்க வேணாம். பொம்பளப்பிள்ளைய நெனச்சுப் பாருங்க. ஒரு கையெழுத்து போட்டுட்டு வீட்டுக்குப் போங்கம்மா."

பேனாவை நீங்களே மூடி கழற்றி நீட்டுகிறீர்கள். திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா. நான் போட மாட்டேன். அவர் கால் தவறவில்லை. நான் சொன்ன இடத்தில்தான் வைத்தார். தாலி கட்டிய நாளிலிருந்து என் பேச்சை அவர் ஒரு வார்த்தை மாற்றாமல் கேட்டது அந்த ஒரு மத்தியானம்தான். அதை விபத்து என்று எழுதி என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளாதீர்கள்.