முள்வேலிக்கு முடி வெட்டியவன் பேசுகிறேன்

வெல்டிங் பொறியையே வெறுங்கண்ணால் வெறித்து வென்று, இன்று வெள்ளைச் சட்டையில் வீற்றிருக்கும் நம் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே, நான் வாயைத் திறக்கும் முன்பே கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்க்கும் செயலாளர் அவர்களே, மூச்சு வாங்க மாடியிறங்கி வந்து முன்வரிசையை முற்றுகையிட்டிருக்கும் மூத்தோர்களே, துவைத்த துணியைக் கொடியிலும் தூங்கும் பிள்ளையைத் தோளிலும் போட்டபடி திரண்டு வந்திருக்கும் தாய்மார்களே, என்னை நம்பித் தலையைக் கொடுத்து, அதற்குப் பிறகும் என்னோடு பேச்சுவார்த்தை வைத்திருக்கும் தம்பிமார்களே, இத்தனை பேருக்கும் நடுவில் என்னை முறைப்பதற்கென்றே வசதியான நாற்காலியாகப் பார்த்து அமர்ந்திருக்கும் என் இல்லத்தரசியே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பணிவு என்ற சொல்லை நான் மேடையில் சொல்வது இதுவே முதல் தடவை. மைக்கும் அதிர்ச்சியில் ஊளையிடுகிறது, கேட்டீர்களா?

சற்று முன் தலைவர் ஒரு தீர்மானத்தை வாசித்தார். சலவை அறைக்குப் பின்னால், வேலியோரம் நிற்கும் பிளாக்பெர்ரிச் செடிகள் இந்த ஆண்டு காய்க்கவில்லை. ஆகையால் அவற்றை வேரோடு பெயர்த்து, சிமெண்ட் பூசி, சைக்கிள் நிறுத்தக் கூரை போடலாம் என்பது தீர்மானம். கூரையைத் தலைவரே வெல்டிங் செய்து தருவாராம். பெருந்தன்மை. வெல்டர் கண்ணுக்கு வெட்டவெளியெல்லாம் கம்பி முளைக்கும் நிலம்தான்.

என் பேச்சு முடிந்ததும் நீங்கள் கை தூக்க வேண்டும். என்னை ஏன் பேசச் சொன்னார்கள்? போன ஆண்டு அந்தச் செடியைக் கிளை நறுக்கிக் கவாத்து செய்த நிபுணர் நான் என்பதால். நிபுணர். அந்தச் சொல்லைச் சங்கத்துக்குச் சொல்லிக் கொடுத்ததும் நானேதான்.

நான் யார்? கத்தரியைக் கையில் பிடித்தபடியே பிறந்தவன் என்று என் தாயார் சொல்வார். சொல்லவில்லை என்றாலும் சொல்லியிருக்கக் கூடியவர். சுருட்டை முடியைச் சுருண்டு விழ வைத்தவன், கோரை முடியைக் கோபுரமாக நிறுத்தியவன், வழுக்கையிலும் வகிடு எடுத்தவன். அந்த வழுக்கைக்காரர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். தொப்பியைக் கழற்ற வேண்டாம் ஐயா, உங்கள் சாட்சியம் தேவையில்லை.

அப்படிப்பட்ட என்னிடம்தான் போன ஆண்டு என் கொழுந்தியாள் வந்தாள். என் இல்லத்தரசியின் தங்கை. சலவை அறையில் இஸ்திரி போடுகிறவள். அந்தச் செடி வரிசையைக் குழி தோண்டி நட்டவளே அவள்தான். காய்ப்பதைக் கிண்டி ஜாம் ஆக்கி, வாரச் சந்தையில் மேசை போட்டு விற்கிறாள். போன ஆண்டுப் பழம் ஒவ்வொன்றும் எலுமிச்சை அளவு இருந்தது. சரி, அங்கிருந்து ஒரு முறைப்பு வருகிறது, கோலிக்குண்டு அளவு இருந்தது. பறித்து முடித்த பிறகு அவள் சொன்னாள்:

"அத்தான், செடி ஒரே பொதரா கெடக்கு. எதை வெட்டணும், எதை விடணும்னு தெரிஞ்சவங்க யாரையாவது கேட்டுட்டு வரேன்."

"யாரையாவதா? கத்தரி பிடிக்கிறவன் வீட்டுக்குள்ளயே இருக்கும்போது யாரையாவதா?"

"அத்தான், இது தலை இல்ல."

"எல்லாமே தலைதாம்மா. சிலதுக்குக் கீழ மனுஷன் இருக்கான், சிலதுக்குக் கீழ மண்ணு இருக்கு."

இந்த வாக்கியத்தைப் பேசிவிட்டு, அதன் அழகில் நானே மயங்கி நின்றேன். மயக்கம் தெளிவதற்குள் அவள் போய்விட்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் நடந்ததை நீங்கள் பார்த்தீர்கள். செடியின் இடுப்பில் வெள்ளைத் துணி கட்டினேன். தண்ணீர் தெளித்தேன். சீப்பு கூட எடுத்துப் போனேன், இப்போது மறுத்துப் பயனில்லை. நீங்களும் பால்கனி பால்கனியாகக் கூடிவிட்டீர்கள். கூட்டத்தைக் கண்டால் எனக்குக் குரல் தானாகவே ஏறும். அன்றைக்கு நான் ஆற்றிய உரை நினைவிருக்கிறதா? "இதோ பாருங்கள், பழுப்புக் கம்பு. உழைத்த கம்பு, பழுத்த கம்பு, பழம் பல பார்த்த கம்பு. இதைத் தொடேன். அதோ பாருங்கள், பச்சைக் கம்பு. நெட்டையாய் நிமிர்ந்து, நேற்று முளைத்து, ஒரு பூவும் பூக்காமல் தண்டச்சோறு தின்னும் கம்பு. இதை விடேன்." சொன்னேன், வெட்டினேன். வெட்டினேன், சொன்னேன். நீங்கள் கை தட்டினீர்கள். நம் பேருந்து ஓட்டுநர், நாம் அன்போடு ஹாரன் என்று அழைக்கும் தம்பி, மேலிருந்து கத்தினார்: "அண்ணே, அந்த ஓரத்துல ஒரு பச்சை தப்பிச்சு நிக்குது, விடாதீங்க." அதையும் விடவில்லை.

முடித்துவிட்டுப் பார்த்தால், என்ன அழகு. மணமேடைக்குப் போகும் மாப்பிள்ளை போல் நின்றது செடி. குளிர் வந்தது, குளிர் போனது. மாப்பிள்ளை சுள்ளியாகிவிட்டார். பூ எங்கே? இல்லை. காய் எங்கே? இல்லை. கனி எங்கே, கனி எங்கே என்று கூடையோடு நடந்த என் கொழுந்தியாளுக்குக் கையில் கிடைத்ததெல்லாம் முள்.

என்ன ஆயிற்று என்று எனக்குப் புரிய வைத்தவர் ஒரு நாற்றுப் பண்ணைக்காரர். முடி வெட்டிக்கொள்ள வந்தவரிடம், என் கவாத்துப் புகழை நானாகவே பாடினேன். அவர் குலுங்கிச் சிரித்ததில் ஒரு காதே போயிருக்கும். என் கை நிதானம்தான் காப்பாற்றியது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"பச்சையை வெட்டிட்டு, காய்ச்ச கம்பை விட்டுட்டீங்களா?" என்றார்.

"பின்ன? காய்ச்சதுதானே மறுபடி காய்க்கும்?"

"அண்ணே, பஸ்ஸை விட்டு எறங்கிப் போறவனுக்கு சீட்டைத் தொடைச்சு வெச்சிருக்கீங்க. ஏற வந்தவனைப் பிடிச்சுக் கீழ தள்ளியிருக்கீங்க."

அன்பர்களே, அந்தச் செடிக்கு வேருக்குத்தான் நீண்ட ஆயுள். கம்புக்கு இரண்டே ஆண்டு. முதலாண்டு பச்சையாக ஓங்கி வளரும், காய்க்காது. குளிரைத் தாங்கி நின்று, மறு ஆண்டு பூக்கும், காய்க்கும், காய்த்த களைப்பில் காய்ந்து சாகும். அதே கம்பு மறுபடி காய்ப்பதில்லை. நான் தண்டச்சோறு என்று ஏசியதே அடுத்த ஆண்டின் அறுவடை. நான் தட்டிக் கொடுத்து நிறுத்தி வைத்ததோ, கடமை முடித்துக் கண் மூடக் காத்திருந்தது.

தலைமுடியில் இந்தத் தொல்லை உண்டா? போன மாதம் முளைத்தவனா, அதற்கு முந்தியவனா என்று எந்த முடியையாவது நான் விசாரித்ததுண்டா? எதை வெட்டினாலும் வளரும். என் தொழிலின் பிழைகளையெல்லாம் ஒரு மாதத்தில் இயற்கையே மன்னித்துவிடும். அந்த மன்னிப்பில் ஊறிப் போன ஆணவத்தோடுதான் நான் முள்வேலிக்குள் இறங்கினேன்.

ஏன் கை தட்டுகிறீர்கள்? இது கை தட்டும் இடம் அல்ல. அங்கே ஒருவர் சொல்வது என் காதில் விழுகிறது: "அண்ணன் தன்னடக்கமா பேசுறாரு. அவர் வெட்டு சரிதான், செடிதான் சரியில்ல."

தன்னடக்கமா? எனக்கா? என் இல்லத்தரசியைக் கேளுங்கள். இதோ, சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடுகிறார்.

இதுதான் நான் இன்று எதிர்கொள்ளும் ஆபத்து. என் வாய் வென்றுவிட்டது, செடி தோற்றுவிட்டது. என் கொழுந்தியாள் செயற்குழுவுக்கு நேரிலேயே வந்து, செடியில் குறையில்லை, வெட்டியதில்தான் குறை என்றாள். செயலாளர் என்ன சொன்னார்? "அவ்வளவு பெரிய தொழில்காரர், சரியா வெட்டினேன்னு அவரே சொல்றாரேம்மா." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாளாம். இங்கே ஆடியவனே எனக்கு ஆடத் தெரியாது என்று அலறுகிறேன், பார்த்தவர்கள் கூடத்தை இடிக்கலாம் என்கிறீர்கள்.

சான்று வேண்டுமா? தருகிறேன். தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. செடி வரிசையின் கடைசி நுனி அந்தச் சந்துக்குள் நுழைகிறது. கத்தரியோடு நானும் நுழையப் பார்த்தேன். என் கை நுழைந்தது, என் கொள்கை நுழைந்தது, என் வயிறு நுழையவில்லை. பக்கவாட்டில் முயன்றேன். வயிற்றுக்குப் பக்கவாட்டு என்று ஒன்று இல்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். ஆகவே அங்கே இருந்த பச்சைக் கம்புகள் பிழைத்தன. அதற்கும் முன்பே, அவை இளசாக நெஞ்சுயரம் வந்தபோது, துணிக்கொடியில் தொங்கும் போர்வைகளில் மாட்டித் தொல்லை கொடுத்ததால், என் கொழுந்தியாள் போகிற போக்கில் கொழுந்துகளைக் கிள்ளிப் போட்டிருக்கிறாள். கிள்ளிய கம்பு என்ன செய்தது? அழுததா? அமர்ந்ததா? ஒன்று பலவாகப் பக்கமெல்லாம் கிளை விட்டது. இந்த ஆண்டு, கிளைக்குக் கிளை காய்த்தது.

நான் கதை விடுகிறேன் என்று நினைப்பீர்கள். நினைப்பதில் நியாயம் உண்டு. அதனால்தான், அங்கே உட்கார்ந்திருக்கும் என் கொழுந்தியாளே, நீ கொண்டு வந்த கிண்ணத்தைக் கொடு அம்மா. இன்று காலை அந்தச் சந்தில் பறித்த கடைசிப் பழங்கள். முன்வரிசையிலிருந்து கைமாற்றிக்கொண்டே போங்கள். ஒருவருக்கு ஒன்று. ஹாரன் தம்பி, ஒன்று என்றால் ஒரு கைப்பிடி அல்ல. தலைவர் அவர்களும் ஒன்று எடுத்துக்கொள்ளட்டும். வெள்ளைச் சட்டை, பார்த்து.

மெல்லுங்கள். மெல்லும்போது கேளுங்கள். காய்க்காதது செடியின் குற்றமா? காய்க்க வந்ததை வெட்டியவன் குற்றமா? அதே மண், அதே மழை, அதே வேர். என் கத்தரி போன இடத்தில் சுள்ளி, என் தொந்தி போகாத இடத்தில் தேன். இதைவிட ஒரு மனிதனுக்கு எதிராக என்ன சாட்சி வேண்டும்?

இப்போது அந்த வரிசையில் போய்ப் பாருங்கள். காய்ந்து நிற்பவை நான் காப்பாற்றியவை. அவற்றை அடியோடு எடுத்துவிடலாம். நடுவே பச்சையாக நிமிர்ந்திருப்பவை, என்னை மீறி இந்த ஆண்டு வேரிலிருந்து புதிதாக முளைத்தவை. அவைதான் வரும் ஆண்டின் பழம். குளிர் முடியும்போது அவற்றின் பக்கக் கிளைகளை மட்டும் ஒரு முழம் விட்டு நறுக்கினால் போதும். அந்தப் பச்சையையா பெயர்க்கப் போகிறீர்கள்? போன ஆண்டு நான் செய்ததை, இந்த ஆண்டு சங்கமே கூடித் தீர்மானம் போட்டுச் செய்யப் போகிறதா?

வாரச் சந்தையில் என் கொழுந்தியாளின் மேசையில் பாதியைப் பட்டன் விற்பவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மீதிப் பாதியில் காலிப் பாட்டில்களைத் துடைத்து அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சந்தில் காய்த்தது ஜாமுக்குக் காணாது, விற்க ஒன்றும் இல்லை. எழுந்து வந்தால் இடம் போய்விடும். நான் அந்தப் பக்கம் போனேன். "அத்தான், நிக்காம போங்க, யாராச்சும் ஜாம் கேட்டு வந்துடப் போறாங்க" என்றாள். நின்று பேசியே பழகிய நான், நிற்காமல் நடந்தேன்.

போதும். கை தூக்குங்கள். செடி நிற்கட்டும் என்பவர்கள் கை தூக்குங்கள்.

மூத்தோர் வரிசை முழுதும், நன்றி. தாய்மார்கள், நன்றி. பிள்ளையை எழுப்பி அதன் கையைத் தூக்க வேண்டாம் அம்மா, செல்லாது. செயலாளர் யோசிக்கிறார்... தூக்கிவிட்டார். தலைவர் அவர்களே, உங்கள் கையும் மேலே இருக்கிறது, உங்கள் விரலில் பழச்சாறும் இருக்கிறது. சைக்கிள் கூரையை முன்வாசலில் போட்டுக்கொள்ளலாம், அங்கே வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

என்ன ஹாரன் தம்பி? இன்னொரு தீர்மானமா? "இனிமே அந்தச் செடிகிட்ட அண்ணன் கத்தரியோட போகக் கூடாது." சரி, நியாயம், கை தூக்கு...

அட, நான் சொல்லி முடிக்கவே இல்லையே. ஒரு கைகூட மடியில் இல்லை. இந்தச் சங்கத்தில் இதுவரை தண்ணீர்க் குழாய்க்குக்கூட ஒருமனது வந்ததில்லை. என் இல்லத்தரசி இரண்டு கைகளையும் தூக்கியிருக்கிறார், ஒன்றுதான் கணக்கு. நானும் தூக்குகிறேன், என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் கொழுந்தியாள் எழுந்து நிற்கிறாள். பேசம்மா, சத்தமாகப் பேசு.

"வெட்டறதை நான் பாத்துக்கறேன் அத்தான். முள்ளை ஒதுக்கிப் பிடிக்க ஒரு ஆள் வேணும். வாயைத் திறக்காம பிடிப்பீங்களா?"

அன்புடையீர், பதவிகள் பல பார்த்தவன் நான். பார்க்காதவற்றையும் பார்த்ததாகச் சொன்னவன். இப்படியொரு பதவியை எனக்கு யாரும் தந்ததில்லை. கைகளை நீட்டிப் பிடிக்கிறேன் அம்மா, வாயை முடிந்தவரை மூடிப் பிடிக்கிறேன். பழத்தின் கறையோடு வீடு திரும்பும் உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி, என் வணக்கம். செயலாளர் அவர்களே, மைக்கை நீங்களே வந்து வாங்கிக்கொள்ளுங்கள், நானாகக் கொடுத்துப் பழக்கமில்லை.